டீச்சருக்கு ஒரு நுங்கு

ஜீப் வந்து நின்ற சத்தத்தில் பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

செவ்வந்தி நகரவில்லை. அந்த ஜீப்பை அவளுக்குத் தெரியும்.

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய தென்னந்தோப்பில், பெண் பிள்ளைகளுக்கான கோடை முகாம். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த செவ்வந்திதான் தலைவி. பாட்டு, விளையாட்டு, பந்தியில் பரிமாறுவது, ராத்திரி கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு படுத்துக்கொள்வது, எல்லாம் அவள் பொறுப்பு.

முகாமை நடத்துகிற மேடம் நல்லவர்தான். முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "தலைவி யாரு வீட்டுப் பொண்ணுன்னு ரெண்டு அப்பாமார் இப்பவே கேட்டுட்டாங்க. ஊரைக் கேட்டா மழுப்பிரும்மா. ஒருத்தர் பிள்ளையக் கூட்டிட்டுப் போனா, மத்தவங்களும் கூட்டிட்டுப் போயிருவாங்க."

ஜீப்பிலிருந்து பூமிநாதன் இறங்கினார். சிக்கலுக்குத் தெற்கே, செவ்வந்தியின் ஊரில் பாதி நிலம் அவருடையது. அவர் மகள் நாகலெட்சுமி முகாமுக்கு வந்த அன்று செவ்வந்தி தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் பிள்ளை எதையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அது எப்படிக் கண்டுகொள்ளும்? செவ்வந்தியின் தெருப்பக்கமே வந்ததில்லை.

பூமிநாதனும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. இன்று பார்த்தார். கும்பிட்டார்.

"வணக்கம் டீச்சர். மக போன்ல உங்களப் பத்தியேதான் பேசுது."

அவள் கும்பிட்டாள். அதற்குள் அவர் பின்னால் வந்தவரைப் பார்த்துவிட்டாள்.

தோளில் நுங்குக் குலை, கையில் நுங்குச் சாக்கு. இடுப்பில் அரிவாள். சட்டை இல்லை. ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கி, கூடத்துக்கு வராமல், முற்றத்துக்கு வெளியே வேலியோரம் குலையை இறக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவரும் அவளைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்து நுங்கைச் சீவ ஆரம்பித்தார்.

"சமையலைப் பார்த்துட்டு வர்றேன்" என்று செவ்வந்தி திரும்பினாள்.

பிள்ளைகள் விடவில்லை. நுங்கு, நுங்கு என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பூமிநாதன் நாற்காலியை வேலிப்பக்கம் போடச் சொல்லி உட்கார்ந்தார். முன்னால் அவர், பின்னால் பிள்ளைகள். நடுவில் அவள். எந்தப் பக்கமும் வழியில்லை.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

பக்கத்து ஊர் எதைச் சொன்னாலும் யார் வீடு என்பார். அரிவாள் சீவுவது நின்றுவிட்டதை அவள் காதால் உணர்ந்தாள்.

"ராமநாதபுரம்ப்பா" என்றாள் நாகலெட்சுமி.

செவ்வந்தி அவளிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. மேடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அரிவாள் மறுபடி சீவத் தொடங்கியது.

"அப்படியா, நல்லது. ஏலே கூத்தையா, மொதல்ல டீச்சருக்குக் குடு. அப்பறம் பிள்ளைகளுக்கு."

வேலியோரம் இருந்தவர் எழுந்தார். குலையில் கையை விட்டு ஒன்றை எடுத்தார், வைத்தார். வேறொன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துச் சீவினார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அவளுக்கு எட்டடி தள்ளியே நின்றார்.

"ஏன்டா அங்கனயே நிக்கிற? டீச்சரு ஒன்னும் நெனைக்க மாட்டாங்க. கிட்டப் போயிக் குடு. கும்பிட்டுக் குடு."

அவர் வந்தார். இடுப்பை வளைத்து, நுங்கை நீட்டினார்.

"இளசாப் பாத்து எடுத்திருக்கேன் டீச்சர்."

குரல் தெளிவாக இருந்தது. நகக்கண்ணில் நுங்குக் கறை கறுத்துக் கிடந்தது.

வாங்கினாள். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டை விரலால் நோண்டி வாயில் போட்டாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு டீச்சர்?" என்றார் பூமிநாதன்.

"நல்லா இருக்குங்க."

இரண்டு பேரில் யாரிடம் அதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் தாழ ஜீப் கிளம்பியது. கூத்தையா காலியான சாக்கோடு பின்னால் தொற்றி உட்கார்ந்தார். முகம் முகாமைப் பார்த்திருந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. அவளும் தூக்கவில்லை. வண்டி தோப்பைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

பிள்ளைகள் மறுபடி பந்துக்கு ஓடினார்கள். நாகலெட்சுமி மட்டும் போகாமல் செவ்வந்தியின் சேலையை ஒட்டி வந்து நின்றாள்.

"டீச்சர், நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

"என்னத்த?"

"வந்த அன்னைக்கே தெரியும் எனக்கு. தெனமும் பள்ளிக்கூடத்து பஸ்சுக்கு என்னைய சைக்கிள்ல கொண்டாந்து விடுறது கூத்தையாதான். வழி நெடுக மக பேச்சுதான். எம்மக செவ்வந்தி இப்புடிப் படிக்கிது, எம்மக செவ்வந்தி கேம்ப்புல டீச்சராப் போகுதுன்னு."

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. செவ்வந்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லலாம். பிள்ளை அதற்காகத்தான் நின்றது போலிருந்தது.

"அவரப் பேர் சொல்லிக் கூப்புடாத, நாகு" என்றாள்.

நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற எப்புடிக் கூப்புட, டீச்சர்?"

அதில் கேலி இல்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியவில்லை.