மிக்க நன்றி ஐயா

கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டிருந்த கராத்தே மாஸ்டருக்கு மருமகள்தான் கண்ணும் கையும். இணையக் குழுவில் எவனோ, மாஸ்டருக்குக் கராத்தே சொல்லித்தந்த அவருடைய அப்பாவின் உதையே தப்பு என்று எழுதியிருந்தான்.

“எங்கப்பாவையா சொல்றே, முதுகுத் தோலை உரிச்சிடுவேன்னு எழுதும்மா.”

மருமகள் போனில் தட்டினாள். பதில் வந்தது.

“‘மிக்க நன்றி ஐயா’ங்கறார், மாமா.”

“நக்கல் பண்றான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை போடு.”

“‘தங்கள் பெருந்தன்மைக்கு வணக்கம்’னு வருது.”

“கொழுப்பைப் பாத்தியா.”

கட்டைப் பிரித்ததும் போனை வாங்கிப் பார்த்தார். அவர் பெயரில் இருந்தது: “நீங்கள் சொல்வதே சரி. அப்பாவின் உதையில் பிழை உண்டு.”

“குடும்ப மானமே போச்சேம்மா.”

மறுத்து எழுத விரலை வைத்தார். கீழே எதிராளியின் கடைசி வரி: “இப்படியொரு பண்பான மகனை வளர்த்த உங்கள் தந்தைக்குத் தலை வணங்குகிறேன்.”

விரலை எடுத்தார். போனை மருமகளிடமே நீட்டினார்.

“நன்றின்னு போடும்மா.”