கொளுத்திப் பார்த்த பெட்டி

நைனா முகமதைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது ஆனந்த்ராஜின் கையில் எரிகிற தீக்குச்சி இருந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆனந்த்ராஜுக்கு எலெக்ட்ரிக்கல் கடை. சுவிட்ச் பெட்டியின் தரம் பார்க்க ஒரு சொந்த விஞ்ஞானம் வைத்திருந்தார். கொளுத்திப் பார்ப்பார். குபுகுபுவென்று எரிந்தால் சுத்தமான பிளாஸ்டிக். எரியாவிட்டால் கலப்படம்.

நைனா தன் பட்டறையில் செய்து விற்கக் கொண்டுவந்த பெட்டி கருகியதே தவிர, பற்றவில்லை.

"பாத்தீங்களாய்யா? கோலமாவைக் கலந்து பெட்டி செஞ்சிருக்கான்!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கோலமாவு இல்ல மாப்ள. தீப்பிடிக்காம இருக்கச் சேர்க்கிற தாதுப்பொடி. சூடு பட்டா தண்ணி விடும்."

"பொடிக்குள்ள தண்ணியா? ஏலே நைனா, அப்ப ஃபயர் சர்வீஸுக்கு லாரி எதுக்கு? ரெண்டு மூட்டை பொடி போதுமே!"

மறுபடியும் சிரிப்பு.

"நீ எடுக்கலேன்னா பட்டறையை மூடணும் மாப்ள."

"மூடு. எரியாத பிளாஸ்டிக்கை எவன் வாங்குவான்?"

நைனா பெட்டி மூட்டையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டறை மூடியது. சரக்கெல்லாம் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போனது. கொஞ்ச நாளில் மாரடைப்பு. அடக்கத்தில் எல்லோரையும் விட உரக்க அழுதவர் ஆனந்த்ராஜ்தான்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் புகை. ஃபிரிட்ஜ் வயரில் ஷார்ட். பிளக் உருகி, சுவரெல்லாம் கரி. ஒரு சாண் தள்ளி கேஸ் சிலிண்டர். சுவிட்ச் பெட்டி மட்டும் தீயை அடுத்த பக்கம் விடாமல் நின்றிருந்தது.

அக்கம்பக்கத்தார் கூடியதும் ஆனந்த்ராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாருங்க, நம்ம கடைச் சரக்கு! எப்படி நிக்குது!"

மனைவி ஜெஸ்ஸி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"செத்த சும்மா இருங்க. அது நைனா அண்ணன் பெட்டி."

"இங்க எப்படி வந்துச்சு?"

"கடைசியா உங்க கடைக்கு வந்தாருல்ல, அன்னிக்கு நேரா இங்கதான் வந்தாரு. பழசைக் கழட்டிட்டு அவரே மாட்டினாரு. 'தன் சரக்கு நல்லா எரியும்னு மாப்ள அவன் வாயாலயே சொல்லிட்டான். அடுப்படிக்கு மட்டும் இது இருக்கட்டும் தங்கச்சி. அவன்கிட்டச் சொல்லாத'ன்னாரு."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"அண்ணே, இதே பெட்டி எங்க வீட்டுக்கும் நாலு வேணும். கடையில இருக்கா?"

நைனா செய்ததில் ஊரில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.