பக்கத்து இடம்

அலுவலகம் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ஹெட் கிளார்க் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்கு இரண்டு பேராக வருகிறவர்கள் ஒன்று அழுவார்கள், இல்லாவிட்டால் சண்டை போடுவார்கள். இரண்டுமே இருபது நிமிஷத்தில் முடிகிற காரியம் இல்லை.

இவர்களோ சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

மருமகளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவரை இங்கேதான் அடக்கம் செய்தார். அப்போதே பக்கத்து இடத்தைத் தன் பெயருக்குப் பதிவு செய்து வைத்திருந்தார். இப்போது அதை மாமியார் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

காரணம் என்ற கட்டத்தில், 'மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன்' என்று குண்டு குண்டான எழுத்தில் இருந்தது.

அது மாமியாரின் எழுத்து. வெட்கப்பட்டுக்கொண்டு மருமகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாளாம். பஸ்ஸில் வரும்போது பேனாவைப் பிடுங்கித் தானே நிரப்பிவிட்டதாக மாமியார் பெருமையாகச் சொன்னார். எண்பதைத் தாண்டியவர். வருகிற வழியிலேயே இடத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். மர நிழல் இருக்கிறது, இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் யாரோ தபால்காரர், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை என்றார்.

ஹெட் கிளார்க் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விதிப் புத்தகத்தைப் பிரித்ததும் அது நின்றுபோனது.

தம்பதிக்கென்று ஒதுக்கிய பக்கத்து இடம், மறுமணம் நடக்கும் நாளிலேயே ரத்தாகிவிடும். காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம். இறந்தவருடைய மகன், மகள், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, இவர்களில் யார் பெயருக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

தாய் என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பிள்ளை போன பிறகு தாய் வந்து இடம் கேட்பாள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் அவர் சூப்பிரண்டைப் பார்த்தார்.

சூப்பிரண்டு லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்லறைமேல் செடி இரண்டடிக்கு மேல் வளரக் கூடாது என்பதற்காக, இதே மருமகள் நட்ட ரோஜாச் செடிக்கு வருஷம் தவறாமல் நோட்டீஸ் அனுப்பியவர். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. ஒரு பக்க நோட்டீஸுக்கு நாலு பக்கம் பதில் எழுதுவார். கோப்பு தடித்துப்போய், ஹெட் கிளார்க் அம்மாதான் அதை இரண்டாகப் பிரித்துக் கட்டிவைத்தார்.

இவராவது, மனமிரங்குவதாவது.

சூப்பிரண்டு அன்றைக்கு நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலோரம் நின்று, சரியாக இருந்த சட்டைக் காலரை இன்னும் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு மெல்ல வந்தார். புத்தகத்தில் ஒரு தாளைப் புரட்டினார். அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

தேடவே இல்லை. விரல் நேராக அங்கே போய் நின்றது.

'அல்லது, கையெழுத்திடும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்படுமாயின், வேறு நெருங்கிய உறவினர்.'

பதினாறு வருஷமாக அந்த அலுவலகத்தில் இருக்கிறார் ஹெட் கிளார்க் அம்மா. இப்படி ஒரு வரி இருப்பது அவருக்கே தெரியாது.

கையெழுத்துக்காக மனுவைச் சூப்பிரண்டு பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் திரும்ப இந்தப் பக்கமே நகர்த்தினார். நீங்களே விசாரியுங்கள், திருப்தியாக இருந்தால் நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத ஹெட் கிளார்க் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இறந்தவர் உங்களுக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று மாமியாரைக் கேட்டார்.

"பத்து மாசம் வயித்துலயே வெச்சிருந்தேன்மா. அதவிட நெருக்கமா யாராவது இருந்தா சொல்லு, அவங்க பேருக்கே எழுதிடலாம்."

அதோடு விடவில்லை. இவள் இரண்டு வருஷமாக இந்தக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள், கேட்டால் அவர் அங்கே தனியாகக் கிடப்பாரே என்பாள், அந்தக் கவலையை இன்றோடு நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பிடித்திருந்த கையை மருமகள் இன்னும் இறுக்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஹெட் கிளார்க் அம்மாவுக்குப் பரம திருப்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேஜை அதிர முத்திரை குத்தினார்.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. சூப்பிரண்டு கையெழுத்திடாவிட்டால் அதற்குக் காரணம் எழுத வேண்டும்.

என்ன எழுதட்டும் என்று கேட்டார். சூப்பிரண்டு புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். மனுதாரர் உறவினராக இருந்தால் அந்த அதிகாரி கையெழுத்திடக் கூடாது.

ஹெட் கிளார்க் அம்மாவின் பேனா அந்தரத்தில் நின்றது.

"இவங்க உங்களுக்கு எப்பலேர்ந்து சார் சொந்தம்?"

சூப்பிரண்டு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர்ற திங்கட்கிழமை காலைல பதினோரு மணிலேர்ந்து."