பத்து லட்சத்து ஒன்று

"புளுகாத கிராணி! காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு எழுதின ரகசிய நம்பர்தானே இது?" போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார்.

"ஐயோ சேர், 1000001 வெறும் எண். ஒண்டையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. கண்டுபிடிச்ச சந்தோஷத்திலதான் ஆபீஸ் சுவரில எழுதினனான்."

"வகுத்துப் பாக்கறேன். நெசம்னா வீட்டுக்குப் போ. பொய்னா கம்பி எண்ணணும்லா!"

"வடிவா வகுத்துப் பாருங்கோ!" தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி குலசேகரம் சிரித்தே விட்டார்.

இன்ஸ்பெக்டர் பென்சில் எடுத்தார். வெளியே நின்ற கிராணியின் மனைவி பராசக்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

போன மாதமே அவள் அந்த எண்ணை நூற்றொன்றால் வகுத்துப் பார்த்திருந்தாள். மீதியே இல்லை. மனுஷன் முகம் வாடிவிடுமே என்று சொல்லாமல் விட்டாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு வரி பதில் போடுங்கள்.