பட்டையின் நுனி

“இன்னும் எவ்வளவு தூரம்டீ போகும் இது?”

“எங்கிட்ட சொல்லிட்டா போகுது? தள்ளி நில்லுக்கா, நிழல் விழுது.”

அக்கா நகர்ந்தாள். நகர்ந்த வேகத்திலேயே திரும்பி வந்து தங்கையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மழைநீர் மணற்பாறையை அறுத்துப் போட்டிருந்த பள்ளம் அது. பாறைச் சுவரில் வெளிறிய பட்டை ஒன்று, புடைத்த நரம்பு போல, வீட்டை நோக்கி ஓடியது.

யாரும் பிறக்காத காலத்தில் அந்த ஒரு கோட்டில் மட்டும் மணல் நசுங்கி, துகளோடு துகள் இறுகிவிட்டிருந்தது. அதற்குள் தண்ணீர் புகாது. மேட்டிலிருந்து ஊறி வருவதெல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தப் பக்கம் தோண்டிய கிணறு வறண்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

பட்டை வீட்டுக்கு முன்னாலேயே முடிந்தால், நீர் அதன் நுனியைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வரும். குழாய்க் கிணறு போடலாம். பட்டை வீட்டையும் தாண்டிப் போனால், வீட்டைக் காலி செய்துவிட்டு நகரத்துக்குப் போவது என்று அக்கா கணவர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் பாறை படித்து டாக்டர் பட்டம் வாங்கிய மைத்துனியை வரவழைத்திருந்தார்.

பள்ளம் வீட்டுக்குச் சற்று முன்பே மண்ணுக்குள் மறைந்துவிட்டது. ஆனால் இந்தப் பட்டைகளுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு நீளமோ அதற்கேற்ப நடுவில் தடித்திருக்கும். நுனியை நெருங்க நெருங்க மெலியும். மெலிவதை அளந்தால், கண்ணில் படாத நுனி எங்கே இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தங்கை அளவியை வைத்த முதல் இடத்தில் பட்டை விரல் கனம்.

“அப்போ ரொம்ப நீளம்தான், இல்ல?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

பிறகு பென்சில் கனம். பிறகு தீக்குச்சி. அக்கா நகத்தைக் கடித்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். அளவி சரிதானா, இன்னொரு தடவை வைத்துப் பார் என்றாள். வீடு போய்விடுமோ என்று இப்படிக் கிடந்து தவிக்கிறாளே, பாவம் என்று தங்கை கைகளை வேகப்படுத்தினாள்.

கடைசியில் நூல்.

“அக்கா! நூலாயிடுச்சு! உன் வேலிக்குக்கூட வராது!”

அக்கா சிரிக்கவில்லை. கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலிருந்து அவள் கணவரின் குரல் உற்சாகமாக இறங்கியது. “என்னம்மா டாக்டரு, பெட்டி கட்டவா, குழாய் வாங்கவா?”

செருப்புச் சத்தம் சரிவில் நெருங்கியது.

அக்கா சட்டென்று தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இந்த மேட்டுல காத்தையும் அவரையும் விட்டா எனக்கு யாருடீ இருக்கா? டவுனுக்குப் போனா நாலு மொகமாவது பாப்பேன். தடிச்சுக்கிட்டே போகுதுன்னு சொல்லேன்.”