மடத்துக்குப் போகிறவள்

ராஜபாளையத்துப் பள்ளிக்கூட வாசலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. பிரிவு உபசார விழா முடிந்த மைதானத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகள் ஒருத்தி யூனிபார்மில் இன்னொருத்தி பெயர் எழுதிச் சிரிக்கிறார்கள், மூக்கை உறிஞ்சுகிறார்கள். மாரிசெல்வி மட்டும் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறாள். நாளை கன்னியர் மடத்தில் சேரப்போகிற கிருபாபாய் அவளுக்கு முதுகைக் காட்டிக் காத்திருக்கிறாள். சாய்ந்த வெயில் அவள் பின்னலில் வழுக்குகிறது. “சீக்கிரம் எழுதுட்டி, உன் பஸ் போயிரும்.” “சிஸ்டராயிட்டா உன்னைய ஏட்டின்னு கூப்பிடலாமா?” கிருபாபாயின் தோள்கள் குலுங்குகின்றன. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. “நீயும் கூப்பிடலைன்னா வேற எவ கூப்பிடுவா?” பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. திரும்பிப் பாராமல் மாரிசெல்வி பேனாவை அழுத்துகிறாள். வெள்ளைத் துணியில் முதல் எழுத்து ஊறிப் பரவுகிறது.