காதோரத்து மச்சம்

“அக்கா, உன் வாய்க்குள்ள யாரு சோறு வடிக்கிறா? இவ்வளவு ஆவி வருது!”

தம்பி டோயுன் ஐந்து வயதில், ஒரு பனிக்காலக் காலையில் கேட்ட கேள்வி அது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால், “அப்புறம் சொல்றேன்டா” என்று அவனை இழுத்துக்கொண்டு ஓடினாள் மிரே. அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது அவள் சுன்சொன் நகரத்துக் கல்லூரி விடுதியில், கட்டிலில் குப்புறப் படுத்துக் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தாள். மின் சிகரெட் விளம்பரம் அது. அள்ளி முடிந்த வெள்ளிக் கூந்தலோடு ஒரு பெண் பக்கவாட்டில் நின்றாள். விரலிடுக்கில் ஊதா நிறக் குழல். பாதி முகம் வெண்மேகத்துக்குள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மச்சம்.

“பார்த்துடி, உன் பார்வையில அவ எரிஞ்சு போயிடப் போறா” என்று சிரித்தாள் அறைத்தோழி ஹேவொன்.

“எரியட்டும். காங்மின் போன்ல முகப்புப் படமே இவதான். ‘இந்த மச்சத்துக்கே சொத்தை எழுதி வைக்கலாம்’னு பாட்டுக்குழு முழுக்கக் காட்டி வழியறான். ரெண்டு வருஷமா அவன் பக்கத்துல நின்னு பாடுறேன், என்னைத் திரும்பிப் பார்த்தானா?”

ஒருமுறை நின்று பார்த்ததுதான் வினை. அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் அவளே வந்து நின்றாள். கடைசியில், விளம்பரத்துக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தி மிரேயும் அந்தக் குழலை வாங்கிவிட்டாள்.

மேகம் வந்ததோ இல்லையோ, இருமல் வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாகப் பாட வேண்டும். ஒத்திகையில் குரல் உச்சத்தில் உடைந்தது. “இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் நிறுத்தணும்” என்று சொல்லிவிட்டாள் குழுத்தலைவி.

ஹேவொன் திட்டவில்லை. தேனில் ஊறிய யூஜாப் பழத்தை வெந்நீரில் கலக்கி அவள் கையில் கொடுத்தாள்.

“விடியற்காலை ஜெபத்துக்கு என்னை முந்திக்கிட்டு ஓடுவ. இப்ப மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. விட்டுடேன்டி. போன மாசம் முடியை அவசரமா அள்ளி முடிஞ்சுக்கிட்டு வந்தியே, அன்னிக்கு சர்ச் வாசல்ல எவ்வளவு லட்சணமா இருந்த! படம் எடுத்து என் இணையப் பக்கத்துல போட்டேனே.”

“நானே அதைப் பார்க்கல. உங்கம்மாவைத் தவிர வேற யாரு பார்த்திருக்கப் போறாங்க?”

மிரே எழுந்து உட்கார்ந்து புருவப் பென்சிலை நீட்டினாள். “மேகம்தான் வரல, மச்சமாவது இருக்கட்டும். என் காதுக்குப் பின்னால ஒண்ணு வரைஞ்சு விடு. எனக்குக் கை எட்டுது, கண்ணு எட்டல.”

ஹேவொன் பெருமூச்சுடன் அவளது விரிந்த கூந்தலை ஒதுக்கினாள். பென்சில் பாதியில் நின்றது.

“மிரே... இங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்குடி.”

ஹேவொன் தான் எடுத்த படத்தைத் தேடித் திறந்தாள். அதே இமை, அதே மேகம். விளம்பரத்துக்காக அந்தக் கறுப்புக் கூந்தலுக்கு யாரோ வெள்ளி பூசி, வெறும் விரல்களுக்கிடையே ஒரு குழலைச் செருகியிருந்தார்கள்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் மிரே தனியாக ஏரிக்கரைக்கு நடந்தாள். குழல் விடுதிக் குப்பைக்கூடையில் கிடந்தது. ஆளில்லாத அந்தக் குளிரில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். வெள்ளை வெளேரென்று மேகம் எழுந்தது.

அது கரையும்வரை பார்த்திருந்துவிட்டு, கைப்பேசியை வாயருகே பிடித்து, தம்பிக்குத் தர வேண்டியிருந்த பதிலைப் பேசி அனுப்பினாள்.

“உள்ள யாரும் சோறு வடிக்கலடா டோயுன், அது என் மூச்சு.”